கோர்ட் டிக்ரியும் வசூல் ஆட்களும்: கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் அறிய வேண்டியவை



கடன் இல்லாத வியாபாரம் நம் தொழிலில் இல்லை. மண்டியிலிருந்து சரக்கு கடனுக்குப் போகிறது. சில்லறைக் கடையிலிருந்து வீடுகளுக்கும் கடனுக்குப் போகிறது. சொன்ன கெடுவில் பணம் திரும்பும் வரை எல்லாம் நாணயத்தின் பேரில் நடக்கிறது. திரும்பாதபோது நோட்டீஸ், வழக்கு, தீர்ப்பு என்று விவகாரம் கோர்ட்டுக்குப் போய்விடுகிறது. அண்மைக் காலமாக இதற்கு மேலும் ஒரு படி சேர்ந்திருக்கிறது. தீர்ப்பு வாங்கிய பிறகு, அந்தத் தொகையை வசூல் செய்யும் வேலையை ஒரு வசூல் நிறுவனத்திடமோ தனி ஆளிடமோ ஒப்படைத்து விடுகிறார்கள்.

அப்படி ஒருவர் வந்து கடை வாசலில் நின்று, "கோர்ட் டிக்ரி ஆகிவிட்டது, இன்று மாலைக்குள் பணம் வேண்டும், இல்லையேல் கடைக்குப் பூட்டு" என்று சொன்னால் நாம் என்ன செய்ய வேண்டும்? பயந்து கையில் உள்ளதைக் கொடுத்து விடுவதா, சண்டை போட்டு அனுப்புவதா? இரண்டுமே தவறு. நமது சங்கத்தில் பணம் வாங்க வேண்டிய மொத்த வியாபாரிகளும் இருக்கிறார்கள், கொடுக்க வேண்டிய சில்லறை வியாபாரிகளும் இருக்கிறார்கள். ஆகவே இரு தரப்புக்கும் பயன்படும்படி இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

டிக்ரி என்பது என்ன?

வழக்கு விசாரணை முடிந்து நீதிபதி சொல்வது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின்படி யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கோர்ட் முத்திரையோடு எழுதித் தரும் பத்திரமே டிக்ரி. பணம் பெற வேண்டியவர் டிக்ரிதாரர். கொடுக்க வேண்டியவர் தீர்ப்புக் கடனாளி.

டிக்ரியில் மூன்று தொகைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று அசல். இரண்டு வட்டி. மூன்று வழக்குச் செலவு. வட்டியில் பலரும் ஏமாறுகிறார்கள். டிக்ரி தேதிக்குப் பிறகு என்ன வட்டி என்பதைக் கோர்ட்தான் நிர்ணயிக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி அது சாதாரணமாக ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் போகாது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலாக இருந்தால் 6 சதவீதத்துக்கு மேலும் கோர்ட் கொடுக்கலாம். ஆனால் அது ஒப்பந்தத்தில் கண்ட வட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒப்பந்த வட்டி இல்லையென்றால் அரசுடைமை வங்கிகளின் கடன் வட்டிக்கு மேல் இருக்கக் கூடாது. டிக்ரிக்குப் பிந்திய வட்டியைப் பற்றி டிக்ரியில் எதுவுமே சொல்லப்படவில்லை என்றால், வட்டி மறுக்கப்பட்டதாகவே சட்டம் கொள்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அசல் ரூ. 1,00,000. டிக்ரி தேதியிலிருந்து 6 சதவீத வட்டி. வழக்குச் செலவு ரூ. 8,000. நான்கு ஆண்டுகள் கழித்து வசூல் ஆள் வருகிறார். கொடுக்க வேண்டியது அசல் 1,00,000, வட்டி 24,000, செலவு 8,000, ஆக ரூ. 1,32,000. வந்தவரோ பழைய பில்லில் அச்சிட்டிருக்கும் 24 சதவீத வட்டியைப் போட்டு ரூ. 2,04,000 கேட்கிறார். வித்தியாசம் ரூ. 72,000. டிக்ரி நகலைக் கையில் வைத்துக் கொண்டு கணக்குப் போட்டவர் இதைக் கண்டுபிடிப்பார். போடாதவர் கொடுத்து விடுவார்.

வந்திருப்பவர் யார்?

டிக்ரிப் பணம் கேட்டு வருபவர் மூன்று வகையில் ஒருவராக இருப்பார்.

முதல் வகை, டிக்ரிதாரரின் சொந்தக் குமாஸ்தா அல்லது அவர் நியமித்த வசூல் நிறுவனத்தின் ஆள். இவர் டிக்ரிதாரரின் பிரதிநிதி மட்டுமே. டிக்ரிதாரர் எழுத்து மூலம் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறாரோ அதுதான் இவருக்கு உண்டு. பணம் பெற்று ரசீது கொடுக்க அதிகாரம் இருக்கிறதா, தள்ளுபடி செய்து பைசல் பண்ண அதிகாரம் இருக்கிறதா என்பதை அதிகாரக் கடிதத்தில் பார்க்க வேண்டும். கடிதத்தைப் பார்த்த பிறகும், டிக்ரிதாரரையே நேரில் அல்லது போனில் ஒரு முறை கேட்டு உறுதி செய்து கொள்வது நல்லது.

இரண்டாவது வகை, டிக்ரியை விலைக்கு வாங்கியவர். டிக்ரியை எழுத்து மூலம் மேடோவர் செய்து கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மேடோவர் வாங்கியவர் அதே கோர்ட்டில் மனுப் போட வேண்டும். பழைய டிக்ரிதாரருக்கும் கடனாளிக்கும் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணை கேட்ட பிறகுதான் அவர் டிக்ரியை நிறைவேற்ற முடியும். இது 21-ஆவது ஆர்டர் 16-ஆவது விதி. "டிக்ரியை நான் வாங்கிவிட்டேன்" என்று வாய்மொழியாகச் சொல்பவரிடம் பத்திரத்தைக் காட்டும்படி கேட்க வேண்டும். பழைய டிக்ரிதாரரிடமும் எழுதிக் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகை, கோர்ட் அமீனா. இவர் கோர்ட் முத்திரையிட்ட வாரண்டோடு வருவார். ஜப்தி செய்யும் அதிகாரம் இவருக்கு மட்டுமே உண்டு. இவரைத் தடுப்பதும், கைகலப்பில் இறங்குவதும் குற்றம். வாரண்டை வாங்கிப் படித்து, வழக்கு எண்ணையும் தொகையையும் குறித்துக் கொண்டு, உடனே வக்கீலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

முதல் இரண்டு வகையினரும் கடைக்குப் பூட்டுப் போட முடியாது; சரக்கைத் தூக்க முடியாது; வண்டியைப் பிடுங்க முடியாது. டிக்ரி இருக்கிறது என்பதால் வசூல் ஆளுக்குக் கோர்ட் அதிகாரம் வந்து விடாது. டிக்ரியை நிறைவேற்றுவது கோர்ட் ஒன்றுதான். மிரட்டினாலோ, அத்துமீறி உள்ளே வந்தாலோ, சரக்கை எடுத்தாலோ, தேதி, நேரம், சாட்சி விவரத்தோடு போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது பெற வேண்டும். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் வசூல் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கி தனியாகவே கட்டுப்பாடு விதித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியைப் போனில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினரிடமும் நண்பர்களிடமும் போய் அவமானப்படுத்தக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் மீண்டும் வலியுறுத்தியது. அடியாட்களை வைத்துக் கடன் வசூல் செய்வதை உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டிலேயே கண்டித்திருக்கிறது.

கடிதம் வந்தவுடன் செய்ய வேண்டியவை

1. கடிதத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது. பதிவுத் தபாலை வாங்க மறுத்தால் அது சேர்ந்ததாகவே கோர்ட் எடுத்துக் கொள்ளும். வாங்காமல் இருப்பதால் கடன் போய்விடாது. பதில் சொல்லும் வாய்ப்புத்தான் போகும்.

2. வழக்கு எண், கோர்ட் பெயர், டிக்ரி தேதி ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக் கொள்ள வேண்டும். இவற்றைச் சொல்லத் தயங்குபவரிடம் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். இப்போது இ-கோர்ட்ஸ் இணைய சேவையில் வழக்கு எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்க முடிகிறது. டிக்ரியின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடவும் வேண்டும்.

3. டிக்ரி எந்தத் தேதியில் ஆனது என்று பார்க்க வேண்டும். பண டிக்ரியை நிறைவேற்றக் காலவரம்பு 12 ஆண்டுகள். தவணை டிக்ரியானால் ஒவ்வொரு தவணை தவறிய தேதியிலிருந்தும் கணக்கு.

4. டிக்ரி யார் மேல் என்று பார்க்க வேண்டும். தகப்பனார் மேல் ஆன டிக்ரிக்கு, அவர் காலமான பிறகு பிள்ளைகளிடம் வந்து கேட்பது உண்டு. அவர் விட்டுச் சென்ற சொத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த அளவுக்குத்தான் அவர்கள் பொறுப்பு. தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தகப்பனார் பெயருக்காகக் கொடுப்பவர்கள் உண்டு. அது அவர்கள் மனம்.

5. சம்மன் சேராமலே ஒருதலைப்பட்சமாக டிக்ரி ஆகியிருந்தால், அதை ரத்து செய்யக் கோரி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். கெடு 30 நாட்கள். சம்மன் முறைப்படி சேராதிருந்தால் டிக்ரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாட்கள். வசூல் ஆளின் கடிதம்தான் முதல் தகவல் என்றால், அந்தக் கடிதத்தையும் உறையையும் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்த வேண்டும். அன்றிலிருந்து நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் ஒரு பகுதிப் பணத்தைக் கட்டச் சொல்லிக் கோர்ட் நிபந்தனை போடலாம்.

சரக்கு வாங்கியது உண்மை, பாக்கியும் உண்மை, நோட்டீஸும் வந்தது என்றால், ஒருதலைப்பட்ச டிக்ரியை ரத்து செய்ய அலைவதில் பயனில்லை. செலவும் வட்டியும்தான் ஏறும். அந்தப் பணத்தை அசலில் கட்டுவது நலம்.

பணம் கட்டும் முறை: இதுதான் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்கும்படி வேண்டுகிறோம்.

டிக்ரிப் பணத்தை இரண்டு வழிகளில் கட்டலாம். ஒன்று, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டில் கட்டுவது. மற்றொன்று, கோர்ட்டுக்கு வெளியே டிக்ரிதாரருக்கே மணியார்டர் மூலமோ, வங்கி மூலமோ, எழுத்தில் சான்று இருக்கும் வேறு முறையிலோ கொடுப்பது.

கோர்ட்டில் கட்டினால், கட்டிய விவரத்தைப் பதிவுத் தபாலில் டிக்ரிதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸ் சேர்ந்த நாளோடு கட்டிய தொகைக்கு வட்டி நின்று விடும். இது மிகவும் பாதுகாப்பான வழி.

வெளியே கொடுத்தால், கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அதைக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். டிக்ரிதாரர் தாமாகவே கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. அவர் தெரிவிக்காவிட்டால் கடனாளி மனுப் போட்டுப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். அதற்குக் கெடு பணம் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்கள் மட்டுமே. இந்தக் கெடு தவறினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் பொது வழி இதற்குப் பொருந்தாது. பதிவாகாத பணத்தை நிறைவேற்றும் கோர்ட் ஏற்றுக் கொள்ளக் கூடாது என்று 21-ஆவது ஆர்டர் 2-ஆவது விதி தெளிவாகச் சொல்கிறது. அதாவது, கொடுத்த பணத்தையே மறுபடியும் கொடுக்க வேண்டிய நிலை வரும்.

நமது வட்டாரத்தில் பார்த்த ஒரு விவகாரத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி ஒருவரின் டிக்ரிக்காக வந்த வசூல் ஆளிடம் ரூ. 20,000 ஒரு முறையும், ரூ. 15,000 வீதம் மூன்று முறையும், ஆக ரூ. 65,000 ரொக்கமாகக் கொடுத்தார். ரசீது என்று அவரிடம் இருந்தது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த நான்கு துண்டுச் சீட்டுகள். கையெழுத்து இருந்தது, வழக்கு எண் இல்லை, டிக்ரிதாரர் பெயர் இல்லை. வசூல் ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓராண்டு கழித்து முழுத் தொகைக்கும் நிறைவேற்று மனு வந்தது. கோர்ட்டில் சொல்வதற்குக் கடைக்காரரிடம் எதுவும் இல்லை. 30 நாள் கெடு எப்போதோ போய்விட்டது.

இரு தரப்பையும் பெரியவர்கள் உட்கார வைத்துப் பேசினார்கள். மொத்த வியாபாரியின் பேரேட்டைப் புரட்டியபோது, வசூல் ஆள் கொண்டு வந்து கட்டியதாக ரூ. 40,000 வரவு இருந்தது. கடனாளிக்குத்தான் 30 நாள் கெடு. டிக்ரிதாரர் பணம் வந்ததைத் தாமே கோர்ட்டில் தெரிவிக்க அந்தக் கெடு இல்லை. ஆகவே அவர் ரூ. 40,000 பெற்றதாக மெமோ போட்டுக் கொடுத்தார். மீதி ரூ. 25,000 வசூல் ஆளோடு போன பணம். தாம் நியமித்த ஆள் என்பதால் அதில் பாதியை மொத்த வியாபாரி ஏற்றுக் கொண்டார். பாதியைக் கடைக்காரர் இரண்டாவது முறையாகக் கட்டினார். ரூ. 12,500 சில்லறைக் கடைக்காரருக்குச் சின்னத் தொகை அல்ல. மொத்த வியாபாரி நேர்மையானவராக இருந்ததால்தான் இந்த அளவில் முடிந்தது. எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி நாம் பணம் கொடுக்க முடியாது.

ஆகவே பின்வரும் விதிகளைக் கடையில் எழுதி ஒட்டி வைத்துக் கொள்ளலாம்:

- வசூல் ஆள் பெயருக்குப் பணம் வேண்டாம். டிக்ரிதாரர் பெயருக்கு வங்கி மூலம் அனுப்ப வேண்டும்.
- ரசீதில் கோர்ட் பெயர், வழக்கு எண், தேதி, தொகை, இன்னும் உள்ள பாக்கி ஆகியவை இருக்க வேண்டும்.
- அசலுக்கா, வட்டிக்கா என்பதை எழுதி வாங்க வேண்டும். டிக்ரியில் எதுவும் சொல்லாதபோது, கட்டும் பணத்தை முதலில் செலவுக்கும் வட்டிக்கும், பிறகே அசலுக்கும் டிக்ரிதாரர் வரவு வைத்துக் கொள்ளலாம்.
- ஒவ்வொரு முறை கட்டியதையும் 30 நாட்களுக்குள் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும்.
- கடைசித் தவணை கட்டியதும், முழுத் தொகையும் வந்து விட்டது என்று டிக்ரிதாரர் கோர்ட்டில் மெமோ போட வேண்டும். வீடோ நிலமோ ஜப்தியில் இருந்தால் ஜப்தியை நீக்கிய உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ப்பித்து, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டு கழித்துப் பெண் கல்யாணத்துக்கு இடத்தை விற்கப் போகும்போது பழைய ஜப்தி தலை நீட்டும்.

எதை ஜப்தி செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கடைச் சரக்கு, ரொக்கம், வங்கி இருப்பு, வண்டி, வீடு, நிலம் ஆகியவற்றை ஜப்தி செய்யலாம். உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக் கூடாது. நம் கணக்குப் புத்தகங்களையும் ஜப்தி செய்ய முடியாது. இதை 60-ஆவது பிரிவு சொல்கிறது. பொருட்களை ஜப்தி செய்வதற்காகக் குடியிருக்கும் வீட்டுக்குள் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் நுழையக் கூடாது.

நமக்கு வர வேண்டிய பாக்கியையும் ஜப்தி செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. உதாரணமாக, நாம் ஒருவருக்குச் சரக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது. அவர் மேல் மூன்றாவது ஆள் டிக்ரி வைத்திருக்கிறார். அந்த மூன்றாவது ஆள் கோர்ட் மூலம் நமக்கு நோட்டீஸ் கொடுத்து, "அந்தப் பணத்தை அவரிடம் கொடுக்காதே, கோர்ட்டில் கட்டு" என்று சொல்ல வைக்கலாம். அப்படி நோட்டீஸ் வந்த பிறகு, பழக்கத்துக்காகப் பணத்தை நண்பரிடமே கொடுத்தால், அந்தப் பொறுப்பு நம் தலையில் விழும். பாக்கி இல்லையென்றாலும், தகராறு இருந்தாலும், கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். சும்மா இருக்கக் கூடாது.

சொத்து ஏலம் போய்விட்டாலும் கடைசியாக ஒரு கதவு திறந்திருக்கிறது. ஏலம் நடந்த 60 நாட்களுக்குள், ஏல அறிவிப்பில் கண்ட டிக்ரித் தொகையையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் 5 சதவீதத்தையும் கோர்ட்டில் கட்டினால் ஏலத்தை ரத்து செய்து சொத்தை மீட்கலாம்.

கைது பயம்

"பணம் கட்டாவிட்டால் ஜெயில்" என்பதே வசூல் ஆட்களின் முதல் வசனம். உண்மை நிலை வேறு. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது. மற்றவர்களையும், முதலில் காரணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து விசாரித்து, கொடுக்க வசதி இருந்தும் வேண்டுமென்றே மறுக்கிறார், அல்லது சொத்தை மறைக்கிறார் என்று கோர்ட் கண்டால்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம். ரூ. 5,000-க்கு மேற்பட்ட டிக்ரிக்கு அதிகபட்சம் மூன்று மாதம். கையில் இல்லாதவனை ஏழ்மைக்காகச் சிறையில் வைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல், ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பில் சொல்லிவிட்டது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு அசட்டையாக இருப்பதும் ஆகாது. கோர்ட் கேட்டால் சொத்து விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கே சிவில் சிறை உண்டு. சிறையில் இருந்து வந்து விட்டால் கடன் தீர்ந்து போகும் என்பதும் இல்லை. கடனாளிகளுக்குத் தப்புவதற்காக மனைவி பேரிலும் மைத்துனர் பேரிலும் சொத்தை எழுதி வைப்பதும் செல்லாது. ஏமாற்றும் நோக்கத்தில் செய்த மாற்றம் என்று அதை ரத்து செய்ய வழக்குப் போடலாம். மஞ்சள் கடுதாசி கொடுப்பது ஒரு வழி என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். உண்மையிலேயே முறிந்து போனவருக்குச் சட்டம் தந்த வழி அது. அதில் சொத்து முழுவதும் கோர்ட் கைக்குப் போகும். பஜாரில் பிறகு ஒரு மூட்டைச் சரக்குக் கடன் கேட்பது எவ்வளவு கடினம் என்பது நமக்குத் தெரியாதது அல்ல.

டிக்ரி வைத்திருப்பவர்களுக்கு

இதுவரை கொடுக்க வேண்டியவருக்காகச் சொன்னோம். வாங்க வேண்டியவரின் கஷ்டமும் சின்னது அல்ல. தீர்ப்பு வாங்குவது பாதிக் கிணறு. நிறைவேற்றுவதுதான் மீதிப் பாதி. நாடு முழுவதும் 8 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக 2025-இல் உச்ச நீதிமன்றமே வேதனையோடு குறிப்பிட்டது. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-இல் சொன்னதை, தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் மீண்டும் வலியுறுத்தியது. மனுப் போடும்போது இந்த உத்தரவுகளை வக்கீல் மூலம் எடுத்துக் காட்டலாம்.

கவனிக்க வேண்டியவை சில:

1. 12 ஆண்டு இருக்கிறதே என்று தூங்கக் கூடாது. நடுவில் கடனாளி கொஞ்சம் பணம் கொடுத்தால் காலம் புதிதாகத் தொடங்கும் என்று நினைக்கிறோம். கடைப் பாக்கிக்கு, எழுத்தில் சான்று இருந்தால் அது சரி. டிக்ரிப் பணத்துக்கு அது பொருந்தாது. டிக்ரி ஆகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனால் முன் நோட்டீஸ் கொடுக்கும் வேலையும் கூடும்.

2. டிக்ரியின் பலம் கடனாளியின் சொத்து விவரத்தில்தான் இருக்கிறது. கடன் கொடுக்கும்போதே வீடு யார் பேரில், வங்கி எது, கூட்டாளிகள் யார் என்று குறித்து வைப்பவருக்கு ஜப்திப் பட்டியல் கொடுப்பது சுலபம். வழக்கு நடக்கும்போதே சொத்தை விற்று ஓடப் பார்க்கிறார் என்று காட்ட முடிந்தால், தீர்ப்புக்கு முன்பே ஜப்தி கேட்கலாம்.

3. வசூல் நிறுவனத்தை நியமித்தால் எழுத்தில் நியமிக்க வேண்டும். எந்த டிக்ரி, எவ்வளவு தொகை, ரொக்கம் வாங்கலாமா கூடாதா, தள்ளுபடி அதிகாரம் உண்டா, கமிஷன் எவ்வளவு, எத்தனை நாளில் பணத்தைக் கட்ட வேண்டும் என்று எழுத வேண்டும். எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தை நாமே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். டிக்ரியின் மூலப் பத்திரத்தையும், கையெழுத்திட்ட வெற்றுத் தாள்களையும் கொடுக்கக் கூடாது. நியமனத்தை விலக்கினால் அன்றே கடனாளிக்குக் கடிதம் போட வேண்டும்.

4. வசூல் ஆள் செய்யும் அடாவடி நம் கணக்கில்தான் எழுதப்படும். போலீஸ் புகாரில் நம் பெயரும் வரும். அதைவிடப் பெரிது, அவன் கடை வாசலில் கத்திய பிறகு அந்தத் தெருவில் உள்ள மற்றக் கடைக்காரர்கள் நம்மிடம் சரக்கு எடுக்க யோசிப்பார்கள்.

5. வணிகர்களுக்கும் குறு, சிறு தொழில் பதிவு கிடைப்பதால், தாமதப் பணத்துக்கு மும்மடங்கு வட்டி கேட்டு வசதிக் கவுன்சிலுக்குப் போகலாம் என்று சில நண்பர்கள் நினைக்கிறார்கள். 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரத்தைச் சேர்த்தது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. அந்த வட்டிச் சலுகை உற்பத்தியாளருக்கும் சேவை செய்பவருக்கும்தான்.

பேசி முடிப்பது

டிக்ரி ஆன பிறகும் பேசி முடிக்கத் தடை ஏதும் இல்லை. டிக்ரிக்குப் பிறகு தவணை கேட்பதானால் டிக்ரிதாரர் சம்மதம் வேண்டும். ஆகவே கடனாளி ஒளிந்து கொள்ளாமல், முதல் தவணைப் பணத்தோடு நேரில் போய்ப் பேசுவதே புத்தி. மாதம் ரூ. 10,000 முடியுமென்றால் ரூ. 10,000 என்று சொல்ல வேண்டும். ரூ. 25,000 என்று ஒப்புக் கொண்டு இரண்டாம் மாதமே தவறுவதில் பயனில்லை. வாங்க வேண்டியவரும் யோசிக்க வேண்டும். ரூ. 1,32,000 டிக்ரியில் ரூ. 1,00,000 ஆறு மாதத்தில் உறுதியாக வருமானால், அந்தப் பணம் சரக்கில் சுழன்று சம்பாதிப்பது, ஐந்து ஆண்டு கழித்து ஏலத்தில் வரக்கூடியதைவிட மேல்.

பேசி முடித்ததை வாயளவில் விடாமல், இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாகக் கோர்ட்டில் பதிவு செய்ய வேண்டும். இன்னும் வழக்கு நிலையிலேயே இருப்பவர்கள் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஏற்படும் முடிவு சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு.

மேலே சொன்னவை பொதுவான விவரங்கள். ஒவ்வொரு டிக்ரியும் ஒவ்வொரு விதம். ஆகவே டிக்ரி நகலைக் கொண்டு போய்த் தமது வக்கீலிடம் காட்டி, அவர் சொல்படி நடப்பதே முறை.

அங்கத்தினர்கள் இரு தரப்பாக இருக்கும் விவகாரங்களில், வசூல் ஆளை அனுப்பும் முன் சங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படி கேட்டுக் கொள்கிறோம். டிக்ரி நகல், இதுவரை கொடுத்த பணத்தின் ரசீதுகள், பேரேட்டுப் பக்கத்தின் நகல் ஆகிய மூன்றையும் இரு தரப்பும் கொண்டு வந்தால், பெரும்பாலான கணக்குகள் ஒரே அமர்வில் தெளிவாகிவிடும். கொடுத்ததற்கு ரசீது, ரசீதுக்குக் கோர்ட் பதிவு. இந்த இரண்டையும் விடாமல் வைத்திருப்பவரிடம் யாரும் இரண்டாவது முறை பணம் கேட்க முடியாது.